குலதெய்வக் காடும் வெள்ளை அங்கிக்காரர்களும்

என் முழங்கால் வலிக்குப் போன வாரம் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லியிருந்தீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். முடக்கத்தான் தோசை மட்டும் சாப்பிட்டேன், ருசியாக இருந்தது. வலி அப்படியேதான் இருக்கிறது.

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். மாணவர்கள் பாதியில் விட்டாலும் பரவாயில்லை. உறவுக்காரர்கள் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும். காரணம் பின்னால் வரும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது வேல்ஸ் நாட்டில் கார்டிஃப் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். பெயர் வேண்டாம், கூச்சப்படுவாள். 2024 ஆகஸ்டில் கூட வேலை செய்யும் அம்மா ஒருவர் அவளைப் பக்கத்து ஊரான பான்டிப்ரித்தில் நடந்த ஒரு விழாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கிருந்து எனக்கு முப்பது நாற்பது போட்டோ அனுப்பினாள். வெள்ளை, பச்சை, நீலம் என்று மூன்று நிறத்தில் தரையைத் தொடும் அங்கி போட்டுக்கொண்டு பெரியவர்களும் பெண்களும் வரிசையாகப் போகிறார்கள். ஒருவர் கையில் பெரிய வாள். வட்டமாக நட்ட கற்கள். கூடவே குரல் பதிவு: "டீச்சர், இவங்கதான் ட்ரூயிட்டுங்களாம். மரத்த கும்புடுறவங்களாம். பாத்த உடனே நம்ம கல்வராயன் மலை ஞாபகம் வந்திடுச்சு. நம்ம ஊர்லயும் இருந்தாங்கள்ல டீச்சர்?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. 33 வருட வியாதி. நூலகத்திலும் கைபேசியிலுமாகப் படித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு அன்றைக்குச் சுருக்கமாகச் சொன்னதை இப்போது எல்லாருக்கும் விரிவாகச் சொல்கிறேன்.

ட்ரூயிட் என்பவர்கள் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு இன்றைய பிரான்ஸ், பிரிட்டன் பகுதிகளில் வாழ்ந்த கெல்ட் மக்களின் குருமார்கள். பூசாரி, நீதிபதி, வாத்தியார் எல்லாம் அவர்களே. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் வாத்தியாரான எனக்குப் பிடித்த தகவல் ஒன்று உண்டு. ட்ரூயிட் ஆவதற்கு 20 வருடம்கூடப் படிப்பார்களாம். அத்தனையும் மனப்பாடம்! எழுதத் தெரியாமல் இல்லை, மற்ற கணக்கு வழக்குகளை எழுதத்தான் செய்தார்கள். தங்கள் ஞானத்தை மட்டும் எழுதிவைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். எழுதிவைத்தால் மாணவன் ஏட்டை நம்பி மனசைச் சோம்பலாக்கிவிடுவான் என்பது ஒரு காரணம் என்று சீசர் சொல்கிறார். வாய்ப்பாடு ஒப்பிக்காமல் கால்குலேட்டர் தேடுகிற என் பேரனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அவர்களுக்குக் கோயில் என்று பெரிய கட்டடம் கிடையாது. காட்டுக்குள்தான் வழிபாடு. பிளினி என்கிற இன்னொரு ரோமானியர், அவர்கள் ஓக் மரத்தைப் புனிதமாக நினைத்ததையும், அதில் முளைக்கும் புல்லுருவியைப் பிறை வளர்ந்து ஆறாம் நாளில், வெள்ளை உடை உடுத்திய ட்ரூயிட் ஒருவர் மரமேறித் தங்க அரிவாளால் அறுத்ததையும் எழுதியிருக்கிறார். நம் மாமரத்தில் புல்லுருவி வந்தால் "காய்ப்பு போச்சே" என்று வெட்டி எறிகிறோம். ஒரே மாதிரிச் செடி, ஓர் ஊரில் சனியன், இன்னோர் ஊரில் சாமி. நரபலி கொடுத்தார்கள் என்றும் ரோமானியர்கள் எழுதினார்கள். எதிரி எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

கி.பி. 60 வாக்கில் ரோமானியப் படை வேல்ஸுக்கு வடமேற்கே இருக்கிற ஆங்கில்சி தீவுக்குள் இறங்கியது. அப்போது அதன் பெயர் மோனா. டாசிடஸ் என்கிற வரலாற்றாசிரியர் சொல்வதைப் பார்த்தால், எதிர்த்தவர்களைக் கொன்றபின் படைவீரர்கள் செய்த அடுத்த வேலை, அந்தத் தீவின் புனிதக் காடுகளை வெட்டியது. ஏன் வெட்ட வேண்டும்? மரம் சண்டைக்கா வந்தது? அந்த மக்களின் உயிர் எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு நம் சங்க காலக் காவல்மரம்தான் ஞாபகம் வந்தது. தமிழ் இரண்டாம் தாள் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு அரசனுக்கும் ஒரு காவல்மரம், கடிமரம் என்றும் சொல்வார்கள். நன்னனுக்கு மா, பழையனுக்கு வேம்பு. பகை அரசன் படையெடுத்து வந்தால் அந்த மரத்தை வெட்டினால்தான் வெற்றி முழுமை. வெட்டிய மரத்தில் முரசு செய்துகொண்டு போவான். கோசர்கள் நன்னனின் மாமரத்தை வெட்டினார்கள், சேரன் செங்குட்டுவன் பழையனின் வேம்பை வெட்டினான். ரோமானியனுக்குத் தெரிந்தது நம் சேரனுக்கும் தெரிந்திருந்தது.

சரி, அந்தப் பழைய ட்ரூயிட்டுகள் என்ன ஆனார்கள்? போய்விட்டார்கள். எல்லாம் மனப்பாடமாக இருந்ததால், சொல்லிக்கொடுக்கிற கடைசி ஆள் போனதும் எல்லாமே போய்விட்டது. ஒரு மந்திரம் மிஞ்சவில்லை, ஒரு பாட்டு மிஞ்சவில்லை. என் மாணவி போட்டோவில் பார்த்தவர்கள் அவர்களின் நேரடி வாரிசுகள் இல்லை. இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வருட இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியை இட்டு நிரப்பிய கதைதான் சுவாரஸ்யமானது. வேல்ஸில் எட்வர்ட் வில்லியம்ஸ் என்று ஒரு கல்தச்சர் இருந்தார். இயோலோ மோர்கனுக் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். நல்ல கவிஞர், தாய்மொழி வெறியர். ஆங்கிலத்தின் நிழலில் வெல்ஷ் மொழியும் அதன் புலவர் மரபும் தேய்ந்துபோவதைப் பார்த்து மனம் பொறுக்காதவர். 1792-ல் லண்டனில் ப்ரிம்ரோஸ் குன்றின் மேல் சின்னக் கற்களை வட்டமாக வைத்து, இதுதான் பழைய ட்ரூயிட்டுகளின் சடங்கு என்று சொல்லி ஒரு புலவர் அவையைக் கூட்டினார். பழைய ஓலைகளைப் பார்த்துச் செய்கிறேன் என்றார். பிற்காலத்தில் ஆராய்ந்து பார்த்தால், அந்த ஏடுகளில் பெரும்பகுதி அவரே எழுதியது! போலி. 1819-ல் கார்மார்தன் ஊரில் நடந்த புலவர் திருவிழாவோடு தன் அவையை இணைத்துவிட்டார். ஐஸ்தெத்வாத் என்பது அந்தத் திருவிழாவின் பெயர். இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கிறது. அதைத்தான் என் மாணவி பார்த்திருக்கிறாள்.

போலி என்று தெரிந்தும் வேல்ஸ்காரர்கள் அதை ஏன் விடவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தபின் எனக்குப் புரிந்தது. விழா முழுக்க வெல்ஷ் மொழியில்தான். மரபுக் கவிதையில் வெல்பவருக்குப் பரிசு ஒரு நாற்காலி, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்கிறார்கள். வென்றது யார் என்று யாருக்கும் தெரியாது. புனைபெயரைச் சொல்லி அழைப்பார்கள், கூட்டத்தில் எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து நிற்க வேண்டும். பாதி உருவிய வாளைப் பிடித்துக்கொண்டு, தலைமை ட்ரூயிட் "அமைதி உண்டா?" என்று மூன்று முறை கேட்பார். சபை "அமைதி" என்று சத்தமாகச் சொல்லும். அதன் பிறகுதான் கவிஞர் உட்காரலாம். 1917-ல் அப்படி அழைத்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. வென்ற கவிஞர் ஹெத் வின், ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளை, சில வாரத்துக்கு முன்பு பெல்ஜியம் போர்க்களத்தில் இறந்துபோயிருந்தார். நாற்காலியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். இதைப் படித்துவிட்டு அரைமணி நேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

2024 விழாவில் தலைமை ட்ரூயிட்டாக இருந்தவர் மெரெரிட் ஹாப்வுட் என்கிற பெண். 2001-ல் அந்த நாற்காலியை வென்ற முதல் பெண்ணும் இவர்தான். பெண் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை, அந்த வட்டக் கற்கள் இப்போது நிஜக் கல் இல்லையாம். ஊர் ஊராகக் கொண்டுபோகச் சுலபமாக ஃபைபரில் செய்திருக்கிறார்களாம். நம் அய்யனார் கோயில் மண்குதிரை சிமென்ட் குதிரை ஆனது மாதிரி.

இந்த வேல்ஸ் அவையில் மதம் கிடையாது, மொழியும் கவிதையும்தான். சர்ச்சுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் உறுப்பினர்கள். பின்னாளில் கேன்டர்பரி பேராயர் ஆன ரோவன் வில்லியம்ஸே 2002-ல் சேர்ந்தார். ட்ரூயிட் வழியை ஆன்மிகமாகவே பின்பற்றுகிறவர்கள் வேறு. 1964-ல் ராஸ் நிக்கல்ஸ் என்பவர் ஒரு சங்கம் ஆரம்பித்தார், லண்டனில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியின் முதல்வர், நம் இனம். பாணர், குறி சொல்பவர், ட்ரூயிட் என்று மூன்று படிநிலை வைத்துப் பாடத்திட்டம் போட்டார். வாத்தியார் புத்தி போகுமா? சூரியன் வடக்கே திரும்பும் நாள், தெற்கே திரும்பும் நாள், பகலிரவு சமமான நாட்கள், இடையில் வரும் விதைப்பு அறுவடை நாட்கள் என்று வருடத்துக்கு எட்டு விழா. ஸ்டோன்ஹெஞ்ச் என்கிற கல்வட்டத்தில் ஜூன் 21 விடியலில் கூடுகிறார்கள். அந்தக் கல்வட்டம் ட்ரூயிட்டுகள் கட்டியது இல்லை, அவர்களைப் பற்றி ரோமானியர்கள் எழுதியதற்கு இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தியது. இதையும் அவர்களே இப்போது சொல்கிறார்கள். மரபு அறுந்துவிட்டது, நாங்கள் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறவர்கள் அவர்களில் நிறைய. 2010-ல் இங்கிலாந்தின் அறக்கட்டளை ஆணையம் ஒரு ட்ரூயிட் அமைப்பை மத அமைப்பாகவே பதிவு செய்தது.

என் மாணவியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். நம் மலையிலும் ட்ரூயிட்டுகள் இருந்தார்களா?

அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்து ஒட்ட எனக்கு மனசில்லை. கல்வராயன் மலையில் இருப்பவர்கள் மலையாளி பழங்குடிகள். (கேரளா என்று நினைக்காதீர்கள். மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள், அதனால் மலையாளி. ஏற்காடு, கொல்லிமலை, பச்சைமலையிலும் இருக்கிறார்கள்.) காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்று வாய்வழியாகவே கதை சொல்லி வருகிறார்கள். 1976 வரைக்கும் அந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருடம் கழித்துத்தான் அது அவர்கள் கையை விட்டுப் போனது. இன்றைக்கு மேகம் அருவிக்குப் பைக்கில் வருகிறவர்கள், பாட்டிலை உடைத்துவிட்டு, "இயற்கையோடு இயைந்த எளிய மக்கள்" என்று போட்டோ போடுகிறார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பிறகு அதே வாய்கள் "சாராய மலை" என்றன. தலையில் தூக்கி வைப்பதும் காலில் போட்டு மிதிப்பதும் தூரத்தில் நிற்பவர்கள் செய்கிற வேலை. அவர்களுக்கு வேண்டியது ரோடு, ஆஸ்பத்திரி, உழுகிற நிலத்துக்குப் பட்டா. ட்ரூயிட் பட்டம் வேண்டாம்.

ஆனாலும் அவள் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து, 1985-ல் முதல் வேலை மலையில் ஒரு தொடக்கப்பள்ளியில். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப்போய் செல்ஃபி எடுப்பீர்கள். கச்சிராயபாளையம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து மேலே இன்னொன்று, அதற்கும் மேலே நடை. சாமை விளையும் ஊர். கடுக்காய் சீசனில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராது, பொறுக்கப் போய்விடும். ஒருநாள் மூன்றாம் வகுப்பு அறிவியலுக்கு இலைகளின் வடிவம் நடத்த வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனேன். ஊருக்கு மேலே அடர்த்தியாக ஒரு தோப்பு. நம்மைவிட நாலு மடங்கு பருமனான மரங்கள், கொடி பின்னிக்கொண்டு உள்ளே இருட்டாக இருந்தது. ஓடிக்கொண்டே இருந்த பிள்ளைகள் ஓர் இடத்தில் பிரேக் போட்டது மாதிரி நின்றுவிட்டார்கள். பார்த்தால் தரையில் முழங்கால் உயரம்கூட இல்லாத கல் வரிசை. யாரும் "நில்" என்று சொல்லவில்லை. பெரியவர்கள் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

"ஏன்டா நின்னுட்டீங்க?" என்றேன்.

"அங்க சாமி இருக்கு டீச்சர்."

"எங்கடா? கோயிலே காணோம்?"

"அதான் டீச்சர், அங்க."

"அந்தப் பெரிய மரமா?"

"இல்ல."

"அது கீழ இருக்கிற கல்லா?"

"இல்ல டீச்சர். அங்க." கையை அகலமாக விரித்துக் காட்டினான். மரம், கொடி, இருட்டு, உள்ளே கத்திக்கொண்டிருந்த குருவி எல்லாமும் அந்த விரிப்புக்குள் வந்தது. எட்டு வயதுப் பையன்.

அந்தத் தோப்பில் அரிவாள் படக்கூடாது. பட்டுப்போன குச்சியைக்கூட அடுப்புக்கு எடுக்கக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை திருவிழா, பொங்கல் வைக்கத் தேவையான விறகை வெளியிலிருந்து சுமந்துகொண்டு போவார்கள். காடு நிறைய விறகு கிடக்க, வெளியிலிருந்து! அந்தத் தோப்புக்குக் கீழேதான் ஊர் குடிக்கிற ஊற்று. சித்திரை வெயிலிலும் வற்றி நான் பார்த்ததில்லை. மரத்தின் வேர் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று நான் பாடத்தில் நடத்துவேன். அவர்கள் சாமி கொடுக்குது என்பார்கள். ஊற்று இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இந்தச் சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. போர்டு இல்லை, வேலி இல்லை, காவலாளி இல்லை. தாத்தா சொல்லி அப்பா கேட்டு, அப்பா நின்ற இடத்தில் பிள்ளை நின்று, அப்படியே வந்தது. சீசர் சொன்ன அந்த 20 வருட மனப்பாடம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. எழுதாத ஞானத்துக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரே ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டால் போதும், முடிந்தது. அதன்பின் இயோலோ மாதிரி யாராவது வந்து ஃபைபர் கல் நட்டுப் புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும். மொழியை அப்படிக் காப்பாற்றினார்கள், அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் மோனா தீவில் வெட்டிய காட்டை எந்த இயோலோவாலும் எழுதிச் சேர்க்க முடியவில்லை.

மலையில் மட்டும்தான் இது என்றில்லை. கீழே சமவெளியில் நாம் கோயில்காடு என்கிறோம். மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு காடு. அந்தக் கரையோரம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளத் தாவரவியல்காரர்கள் இன்றும் அங்கே போகிறார்கள். சிதம்பரம் தில்லை மரத்தால் தில்லை ஆனது. மதுரை கடம்பவனம். கோயில் பெரிதாகப் பெரிதாகக் காடு சுருங்கி, கடைசியில் தலவிருட்சம் என்று ஒரு மரம், அதைச் சுற்றி சிமென்ட் மேடை, மஞ்சள் கயிறு. திருக்கோவிலூர் போகும்போதெல்லாம் தென்பெண்ணைக்குள் இருக்கும் கபிலர் குன்றைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவேன். ஒரே பாட்டில் 99 பூக்களின் பெயரைச் சொன்னவர். அந்தப் பாட்டை மனப்பாடம் செய்ய வைத்த என்னை எத்தனை பேர் திட்டினீர்களோ. அதில் எத்தனை பூவை இன்றைக்கு நாம் கண்ணால் பார்த்து "இதுதான்" என்று சொல்வோம்?

இனி உறவுக்காரர்களுக்கு.

நம் குலதெய்வம் கோயில் திருப்பணி பற்றி வாட்ஸ்அப் குழுவில் வந்த வரைபடத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 60 அடிக்கு 40 அடியில் கான்கிரீட் மண்டபம், தரையெல்லாம் டைல்ஸ், சுற்றுச்சுவர், வண்டி நிறுத்தச் சிமென்ட் தளம். 142 தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு 10,000 ரூபாய் வரி. மண்டபம் வருகிற இடத்தில் பென்சிலால் நாலு வட்டம் போட்டிருக்கிறது. அது என்ன என்று யாரும் குழுவில் கேட்கவில்லை. அந்த நாலும் இலுப்பை மரங்கள். என் மாமியார் வாக்கப்பட்டு வந்தபோதே அவை பெரிய மரங்களாம்.

மண்டபம் வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போன வருடம் காதுகுத்தில் மழை பிடித்துக்கொண்டு, பந்தியில் இருந்தவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடியது எனக்கும் தெரியும். வயசானவர்கள் உட்கார இடமில்லை. என் முழங்காலும் மண்டபத்துக்குத்தான் ஓட்டுப் போடும். பாம்பு வருகிறது என்று பிள்ளைகளைக் கூட்டிவரப் பயப்படுகிற மருமகள்களையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நாலு மரம் போனால் அங்கே மிச்சம் என்ன? கருவறை என்று நாம் சொல்வது மூன்று கல்லும் ஒரு சூலமும். சாமி அதற்குள் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வைத்துவிடலாமே, வந்துபோக வசதி. யாரும் சம்மதிக்க மாட்டீர்கள். ஏனென்றால் நமக்கும் உள்ளுக்குள் அந்தப் பையன் சொன்னது தெரியும். அந்த இலுப்பைக் கொட்டையை ஆட்டி எடுத்த எண்ணெயில்தான் ஒரு காலத்தில் அங்கே விளக்கு எரிந்தது. பங்குனியில் விடிகாலையில் போய்ப் பாருங்கள், ராத்திரி முழுக்கப் பூ உதிர்ந்து தரை தெரியாது. வௌவால் பழத்தைத் தின்று கொட்டையைப் போட்டுப் போட்டு, ஓடைக்கரை வரைக்கும் கன்று முளைத்திருக்கிறது. அவற்றை நட்டது நம்மில் யாரும் இல்லை. இன்றைக்குக் கன்று வைத்தால் அதன் நிழலில் என் பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் உட்காரலாம்.

மோனாவில் வெட்டியவன் பகைவன், நன்னனுக்கும் பழையனுக்கும் வெட்டியவன் பகைவன். நம் மரத்தை நாமே வரி போட்டு வெட்டுவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஊர்ப் பழமை என்று மட்டும் நினைக்காதீர்கள், இப்போது அரசாங்கமும் கோர்ட்டும் இதைப் பேசுகின்றன. 2024 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானின் ஓரன் என்கிற கோயில்காடுகளை எல்லாம் கணக்கெடுத்துக் காடாக அறிவிக்கச் சொன்னது. நாடு முழுக்க உள்ள கோயில்காடுகளுக்கு ஒரு கொள்கை வகுக்கும்படி மத்திய அரசுக்கும் சொன்னது. 2025-ல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காட்டை நம் மாநில அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறது. மதுரை அரிட்டாபட்டிக்கு அடுத்து தமிழ்நாட்டில் இரண்டாவது. பரப்பு வெறும் 4.97 ஹெக்டேர், நம் கணக்கில் 12 ஏக்கர் சொச்சம். நம்முடையது அதைவிட எவ்வளவோ சின்னது, பட்டியலில் எல்லாம் வராது. அதைக் காக்க நம்மைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவள் இல்லை நான். போன செவ்வாய்க்கிழமை என் கொழுந்தன் மகனைக் கூட்டிக்கொண்டு டேப்போடு போனேன். தார் ரோட்டு ஓரம் இடிந்து கிடக்கும் பழைய பஜனை மடத்து இடம் 18 சென்ட், நம் பங்காளிகளுக்குப் பொது. 60-க்கு 40 மண்டபத்துக்கு ஆறு சென்ட்கூட ஆகாது. மீதியில் வண்டி நிறுத்தலாம். அங்கிருந்து கருவறைக்கு 140 அடி. மண் பாதையைச் சரி செய்து, வயசானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கைப்பிடிக் கம்பி போட்டால் போதும். பந்தி, காதுகுத்து, மொட்டை எல்லாம் ரோட்டோரம். பொங்கலும் படையலும் மட்டும் மரத்தடியில். ஒரு மரமும் போக வேண்டாம், வரியும் ஒரு பைசா கூட வேண்டாம். இந்த வரைபடம் என்றால் என் பங்கு 10,000-க்கு மேல் இன்னும் 15,000 தருகிறேன், ஓய்வூதியத்தில் எடுத்து வைத்திருக்கிறேன். நாலு வட்டம் போட்ட வரைபடம் என்றால் தரமாட்டேன். அதனால் பிரசாதத் தேங்காய் என் வீட்டுக்கு வராது என்றால் வராமல் போகட்டும்.

இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்கு வழி இல்லை, தலைக்கட்டுக்கு ஓர் ஆண் என்பது நம் வழக்கம். அதனால்தான் இங்கே எழுதினேன். அங்கே வேல்ஸில் ஒரு பெண் வாளுக்கு முன்னால் நின்று சபையைக் கேள்வி கேட்கிறாள். நம் சபையில் பெண் கேட்டால் கோயில் இடிந்துவிடாது என்றே நினைக்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கோயிலில் கூட்டம். என் மகன் சென்னையிலிருந்து வருகிறான், டேப் வைத்து எடுத்த அளவைக் காகிதத்தில் எழுதி அவனிடம் கொடுத்திருக்கிறேன். மற்ற தலைக்கட்டுகளில் யாராவது இதற்குச் சம்மதம் என்றால், கூட்டத்துக்கு முன்னாலேயே பெரியவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அக்கா தங்கைகள், ஓரகத்திகள், மருமகள்கள் யார் வருவதாக இருந்தாலும் எட்டு மணிக்கு நம் வீட்டுக்கு வந்துவிடுங்கள். இட்லி ஊற்றி வைக்கிறேன், இரண்டு ஆட்டோ சொல்லிச் சேர்ந்தே போகலாம். எத்தனை பேர் என்று சனிக்கிழமை சாயந்திரத்துக்குள் சொன்னால் மாவு அரைக்கத் தோதாக இருக்கும்.